ரயிலடியில் ஒரு வீடு: போர்ச்சுகலில் விற்கப்படுவது சுவரா, கால அட்டவணையா?

சாவி, ஜன்னல், அலமாரி, மேசை... வீட்டுக்குள் அன்றாடம் புழங்கும் இந்தச் சொற்கள் எல்லாம் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. அவ்வளவு ஏன், 'ஏலம்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். தமிழ் வீட்டுக்குச் சாவியும் ஜன்னலும் கொடுத்த அந்த நாட்டில், சாதாரணச் சம்பளக்காரர் ஒருவரால் இன்று தலைநகரில் சொந்த வீடு வாங்க முடியவில்லை. வேடிக்கைதான், ஆனால் சிரிக்க முடியாத வேடிக்கை.

கணக்கைப் பாருங்கள். 2023-லேயே லிஸ்பன் நகரில் விற்ற வீடுகளின் இடைநிலை விலை ஒரு சதுர மீட்டருக்கு 4,000 யூரோவைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. 4,000 என்றே வைத்துக்கொண்டாலும் 90 சதுர மீட்டர் ஃபிளாட் ஒன்றின் விலை 3,60,000 யூரோ. போர்ச்சுகலில் 2025-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோ. அங்கே வருடத்துக்கு 14 சம்பளம் உண்டு (கோடை விடுமுறைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று கூடுதல்). அப்படியும் வருடத்துக்கு 12,180 யூரோதான். சாப்பிடாமல், உடுத்தாமல், முழுச் சம்பளத்தையும் எடுத்து வைத்தால்கூட அந்த ஃபிளாட்டுக்கு ஏறத்தாழ 30 வருடம் ஆகும்!

அப்படியானால் மக்கள் என்ன செய்வார்கள்? உலகம் முழுக்கப் பெருநகர மக்கள் செய்வதைத்தான் செய்கிறார்கள். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனாக விலை இறங்கிக்கொண்டே வருகிறது. எந்த ஸ்டேஷனில் தங்கள் பையில் இருக்கும் பணமும் வீட்டு விலையும் ஒத்துப்போகிறதோ, அங்கே இறங்கிவிடுகிறார்கள்.

அப்படிப் பலர் இறங்கும் ஊர்களில் ஒன்று எந்த்ரோங்கமெந்து.

பெயரே ஜங்ஷன்

லிஸ்பனுக்கு வடகிழக்கே, ரயிலில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். 'எந்த்ரோங்கமெந்து' என்ற போர்த்துகீசியச் சொல்லுக்கு அர்த்தமே 'சந்திப்பு', அதாவது ஜங்ஷன். 1860-களில் வடக்கே போர்ட்டோ பக்கம் போகும் பாதையும், கிழக்கே ஸ்பெயின் எல்லைப் பக்கம் போகும் பாதையும் பிரியும் இடத்தில் ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். ஸ்டேஷனைச் சுற்றிப் பணிமனைகள் வந்தன. பணிமனைத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் வந்தன. பிறகு கடைகள், பள்ளிகள். ஊருக்காக ரயில் வரவில்லை, ரயிலுக்காகத்தான் ஊரே வந்தது. 1945-ல் தனி நகராட்சி, 1991-ல் நகரம் என்ற தகுதி. நாட்டின் தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இங்கேதான். 14 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் சுமார் 20,000 பேர் வசிக்கிறார்கள்.

இந்த ஊருக்கு 'அதிசயங்களின் பூமி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இங்கே விளைந்த ராட்சதக் காய்கறிகளைப் பற்றியும் இன்ன பிற விநோதங்களைப் பற்றியும் ஒரு காலத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வந்ததால் ஏற்பட்ட பெயர். வீடு தேடுபவர்களைப் பொறுத்தவரை இன்றைய அதிசயம் வேறு. லிஸ்பனில் ஒரு சதுர மீட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட இங்கே வேண்டாம். விரைவு ரயிலைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் லிஸ்பனின் ஓரியந்த் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். எல்லா ஊரிலும் நின்று போகும் ரீஜனல் ரயில் என்றால் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும்.

இதற்கு மேல் அரசாங்கமே ஒரு இனிப்பும் கொடுத்தது. 2024 அக்டோபரில் 'பசுமை ரயில் பாஸ்' என்று ஒன்று வந்தது. மாதம் 20 யூரோ கட்டினால், அரசு ரயில் நிறுவனமான சி.பி.யின் ரீஜனல் ரயில்களிலும், இன்டர்சிட்டி ரயில்களின் இரண்டாம் வகுப்பிலும் நாடு முழுக்கப் போகலாம். அதற்கு முன்பு இதே தூரத்துக்குச் சீசன் டிக்கெட் இதைவிடப் பல மடங்கு. வீடும் மலிவு, ரயிலும் மலிவு. வேறென்ன வேண்டும்?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மலிவு விலை என்பது என்ன?

விலை குறைவாக இருக்கிறது என்றால் மீதியை வேறு எதிலோ வசூலிக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த்ரோங்கமெந்து போன்ற ஊர்களில் அந்த மீதி நேரமாக வசூலிக்கப்படுகிறது.

வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, பிளாட்பாரத்தில் காத்திருப்பு, ரயில், இறங்கி மெட்ரோ, அங்கிருந்து ஆபீஸ். எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர மூன்றரை மணி நேரம். வருடத்துக்கு 220 வேலை நாள் என்றால் 770 மணி நேரம். அதாவது இரவு பகலாக 32 நாள். 30 வருடக் கடன் முடியும் வரை இதே போல் போய் வந்தால் 23,100 மணி நேரம். வாழ்க்கையில் இரண்டரை வருடத்துக்கும் மேல் ரயிலிலும் பிளாட்பாரத்திலும்!

இதைக் கேட்டு, 'அப்படியானால் இது முட்டாள்தனமான பேரம்' என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். லிஸ்பன் ஃபிளாட் 3,60,000 யூரோ. இங்கே அதே அளவு வீடு பாதி விலை என்றே வைத்தாலும் மிச்சம் 1,80,000. அதை 23,100 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 7 யூரோ 80 சென்ட் வருகிறது. குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தால் கிடைப்பதைவிட இது கொஞ்சம் அதிகம். வருமான வரியும் கிடையாது. பெரிய கடன் வாங்கியிருந்தால் கட்ட வேண்டிய கூடுதல் வட்டியும் மிச்சம்.

ஆக, தினமும் ரயிலில் போய் வருவது ஒரு பகுதி நேர வேலை மாதிரி. தினம் மூன்றரை மணி நேர வேலை, சம்பளம் வீடாகக் கிடைக்கிறது. தலைநகரில் வாங்க வழியே இல்லாதவருக்கு இது நியாயமான வேலைதான். வாடகையிலேயே காலம் தள்ளுவதைவிடப் பலருக்கு இது மேல்.

ஆனால் எந்த வேலைக்கும் ஒரு முதலாளி உண்டு அல்லவா? இந்த வேலைக்கு முதலாளி கால அட்டவணை. அந்த முதலாளியோடு வீடு வாங்குபவர் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. வீட்டுக் கடன் 30 வருடத்துக்கு. காலை 7 மணி ரயில் அடுத்த அட்டவணை மாறும் வரைக்கும்தான்.

லோசாவில் நடந்தது

'ரயில் பாதை எங்கே போய்விடப் போகிறது?' என்று கேட்கலாம். போர்ச்சுகலிலேயே அது போயிருக்கிறது.

நாட்டின் நடுவில் இருக்கும் பல்கலைக்கழக நகரம் கோயிம்ப்ரா. அங்கிருந்து லோசா என்ற சிற்றூருக்கு 1906 முதல் ரயில் ஓடியது. பிறகு செர்பின்ஸ் வரை நீட்டினார்கள். மொத்தமே சுமார் 35 கிலோமீட்டர் கிளைப்பாதைதான். ஆனால் காலையில் கோயிம்ப்ராவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு அதுதான் உயிர்நாடி. ரயில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் அந்தப் பாதையோர ஊர்களில் குடியிருந்தார்கள்.

2009 டிசம்பரிலும் 2010 ஜனவரியிலுமாக அந்தப் பாதையை மூடினார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, நவீன மெட்ரோவாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லித்தான் மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பிறகு நாட்டில் நிதி நெருக்கடி வந்தது, பணம் இல்லை என்றார்கள், வேலை நின்றது. ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டார்கள். மெட்ரோ கடைசிவரை வரவில்லை. அதற்குப் பதிலாகத் தனித் தடத்தில் ஓடும் மின்சாரப் பேருந்து என்று திட்டத்தை மாற்றினார்கள். அதுவும் ஓடத் தொடங்கியது 2025-ல்தான்.

இடையில் பதினைந்து வருடம்! 2008-ல் 'ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரம்' என்று நம்பி லோசாவில் வீடு வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடன் தவணை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ரயில் நின்றுவிட்டது. சுவரும் கூரையும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அவர் எதை நம்பிப் பணம் கொடுத்தாரோ அது போய்விட்டது. இதற்கு இழப்பீடு கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது?

எந்த்ரோங்கமெந்து கிளைப்பாதையில் இல்லை, நாட்டின் முதன்மைப் பாதையில் இருக்கிறது. அந்த ஜங்ஷனை யாரும் மூடப் போவதில்லை. ஆனால் மூடாமலேயே ஒரு ஊரைப் பின்னுக்குத் தள்ள முடியும். லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் இடையே புதிய அதிவேகப் பாதை கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். அது மேற்குப் பக்கமாக லெய்ரியா வழியாகப் போகிறது, எந்த்ரோங்கமெந்து வழியாக அல்ல. அது முழுதாக முடிந்த பிறகு வேக ரயில்கள் அங்கே மாறிவிடும். பழைய பாதையில் இடம் காலியாகும். அந்த இடத்தில் புறநகர் ரயில்களை அதிகமாக விட்டால் இந்த ஊருக்கு யோகம். 'வேக ரயில்தான் அங்கே ஓடுகிறதே' என்று பழைய பாதையைக் கவனிக்காமல் விட்டால் இன்று வாங்குபவரின் ஒரு மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகிவிடும். இரண்டில் எது நடக்கும் என்பது லிஸ்பனில் அமைச்சரவை மேசையில் முடிவாகும், எந்த்ரோங்கமெந்தில் வீடு வாங்கியவர் கையில் இல்லை.

வராத பாலத்துக்கும் விலை

இருக்கும் ரயிலுக்கு விலை கொடுப்பது ஒரு ஆபத்து என்றால், வராத ரயிலுக்கு விலை கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

லிஸ்பனுக்கு எதிர்க்கரையில், டேகஸ் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் ஊர் பரெய்ரோ. ஒரு காலத்தில் பெரிய ரசாயன ஆலைகளும் ரயில் பணிமனையும் இருந்த தொழிலாளர் ஊர். இன்றைக்கும் அங்கிருந்து படகில் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் லிஸ்பன் நகரின் மையத்தில் இறங்கலாம். 2008-ல் லிஸ்பனையும் பரெய்ரோவையும் இணைத்து ரயில் போகும்படி மூன்றாவது பாலம் ஒன்று கட்டுவதாக அரசு சொன்னது. 2010-ல் அதைக் கிடப்பில் போட்டார்கள். 2024 மே மாதம், அல்கொஷெத் பக்கம் புதிய விமான நிலையத்தோடு சேர்த்து அதே பாலத்தை மறுபடி அறிவித்தார்கள். 'பாலம் வரப்போகிறது சார்' என்பது வீடு விற்பவருக்கு அருமையான வாசகம். ஆனால் 2008-லும் அது அருமையான வாசகமாகத்தான் இருந்தது!

பரெய்ரோவில் வாங்குபவர் படகுக்காக வாங்கலாம். படகு இன்று காலையும் போனது. பாலத்துக்காக ஒரு சென்ட்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

ரயிலடியில் வீடு வாங்குவது தவறில்லை. வீட்டைப் பார்க்கும் கண்ணோடு ரயிலையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

1. வீட்டைச் சனிக்கிழமை மதியம் போய்ப் பார்க்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலை அந்த ஊரிலிருந்து ரயில் ஏறி, வேலை செய்யும் இடம் வரை போய், மாலை நெரிசலில் திரும்பி வர வேண்டும். உட்கார இடம் கிடைத்ததா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும். 20 யூரோ பாஸில் இன்டர்சிட்டி ரயிலில் போக முன்பதிவு கட்டாயம், அதையும் பயணத்துக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்தான் செய்ய முடியும் என்ற விதியோடுதான் பாஸ் அறிமுகமானது. பாஸ் கையில் இருந்தும் சீட் இல்லையென்றால் ரீஜனல் ரயில்தான் கதி. வேலைநிறுத்த நாள்களும் அங்கே அபூர்வமில்லை.

2. வாரத்தில் எத்தனை நாள் போக வேண்டும் என்பதே பாதி முடிவு. வாரம் இரண்டு நாள் ஆபீஸ் போனால் போதும் என்பவருக்கு மேலே சொன்ன 770 மணி நேரம் 300 சொச்சமாகக் குறைந்துவிடும். அவருக்கு எந்த்ரோங்கமெந்து சொர்க்கம். விடியற்காலையில் அலுவலகம் பெருக்கப் போகிறவருக்கும், இரவு ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸுக்கும் முதல் ரயிலும் கடைசி ரயிலும்தான் எல்லாம். அவர்கள் இன்னும் பக்கத்தில், புறநகர் ரயில்கள் அடிக்கடி ஓடும் பாதையில், சின்னதாக ஒரு ஃபிளாட் பார்ப்பது நல்லது.

3. காகிதங்கள். பதிவு அலுவலகத்தின் சான்றில் உரிமையாளர் யார், அடமானம் ஏதும் உண்டா என்று எல்லாம் தெரிந்துவிடும், வில்லங்கச் சான்றிதழ் மாதிரி. வரி அலுவலகத்தின் சொத்து ஏட்டில் இருக்கும் அளவும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுக்குமாடி என்றால் பராமரிப்பு பாக்கி இல்லை என்ற கடிதம் வேண்டும். மின்சிக்கனச் சான்றிதழையும் அலட்சியம் செய்யக் கூடாது. போர்ச்சுகலின் பழைய கட்டடங்கள் பல குளிர்காலத்தில் உள்ளே நடுங்க வைப்பவை. இரவு எட்டரை மணிக்கு வந்து சேருபவருக்கு ஜில்லென்ற வீடு தண்டனை.

4. விற்பனை ஒப்பந்தம். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்ட பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். சட்டம் நியாயமானதுதான். ஆனால் வங்கி கடன் தர மறுத்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், நஷ்டம் வாங்குபவருக்கு.

5. வட்டி. அங்கே வீட்டுக் கடன்களில் பெரும்பகுதி நீண்ட காலமாக யூரிபோர் என்ற சந்தை வட்டியைப் பின்பற்றி ஏறி இறங்குபவை. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்துக்கும் கீழே இருந்த யூரிபோர், 2023 கடைசியில் 4 சதவீதத்தைத் தாண்டியது. ஒன்றரை வருடத்தில் தவணை எகிறிய குடும்பங்கள் ஏராளம். மலிவான ஊரில் வாங்குபவர், விலை மலிவு என்பதற்காகக் கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிடக் கூடாது. ரயில் நின்றால் பழைய கார் ஒன்று வாங்கவாவது பணம் மிச்சம் இருக்க வேண்டும்.

அரசாங்கத்தின் பங்கு

இதில் வாங்குபவருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஆசை காட்டியது யார்?

2024 ஆகஸ்ட் முதல், 35 வயது வரை உள்ளவர்கள் முதல் வீடு வாங்கினால் ஒரு குறிப்பிட்ட விலை வரை சொத்து மாற்று வரியும் முத்திரை வரியும் கிடையாது. வழக்கமாக வங்கி 90 சதவீதம் வரைதான் கடன் தரும். இளைஞர்களுக்கு விலையில் 15 சதவீதம் வரை அரசே உத்தரவாதம் நிற்பதால் முழுத் தொகையும் கடனாகக் கிடைக்க வழி பிறந்தது. போர்ச்சுகலில் இளைஞர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது 29-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த நிலைமையில் இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் சேர்த்துப் பாருங்கள். வரிச் சலுகை, கடன் உத்தரவாதம், 20 யூரோ பாஸ்... மூன்றும் சேர்ந்து இளைஞர்களிடம் சொல்வது ஒன்றுதான்: 'தலைநகரில் இடமில்லை, ரயில் ஏறித் தூரப் போய் வாங்கிக்கொள்.' சரி, போகிறார்கள். பாஸின் விலையைக் குறைத்த அரசு, பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதா? டிக்கெட் விலையை ஒரே இரவில் குறைத்துவிடலாம். ரயில் பெட்டி ஒரே இரவில் வராது. மலிவு டிக்கெட் கூட்டத்தைக் கூட்டும், கூட்டம் வந்த பிறகு சீட் இருக்காது.

ஒருவரை 30 வருடக் கடனில் ஒரு ஸ்டேஷனோடு கட்டிப்போட அரசு உத்தரவாதம் தருகிறது என்றால், அந்த ஸ்டேஷனுக்கு வரும் ரயிலுக்கும் உத்தரவாதம் தர வேண்டும். காலையில் இத்தனை, மாலையில் இத்தனை, இத்தனை மணிக்கு முதல் ரயில், இத்தனை மணிக்குக் கடைசி ரயில், குறைந்தது இத்தனை வருடத்துக்கு இதில் கை வைக்க மாட்டோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். புதிய பாதை வந்த பிறகு பழைய பாதையில் என்ன ஓடும் என்பதைக் கட்டி முடித்த பிறகு அல்ல, இப்போதே சொல்ல வேண்டும். வீட்டு வசதி ஒரு துறையில், ரயில்வே இன்னொரு துறையில் என்று தனித்தனியாகக் கோப்பு நகர்ந்தால் நடுவில் மாட்டிக்கொள்பவர் காலை 7 மணிக்கு பிளாட்பாரத்தில் நிற்பவர்தான். லோசா மக்கள் அதைப் பதினைந்து வருடம் அனுபவித்துக் காட்டிவிட்டார்கள். அதற்கு மேலும் ஒரு பாடம் தேவையில்லை.

வாங்குபவர்கள் இன்றைய அட்டவணையை மட்டும் நம்பி, இன்றைய ரயிலுக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கட்டும். எந்த்ரோங்கமெந்து நல்ல ஊர். ரயிலால் பிறந்து ரயிலாலேயே வாழும் ஊர். அங்கே வீட்டுச் சாவியை வாங்கிவிடலாம். காலை ரயிலின் சாவி மட்டும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.